சாக்பீஸ் செதுக்கிய பல் டாக்டர்கள்

போன ஞாயிறு நியூஜெர்சியிலிருந்து அக்கா மகள் போன் பண்ணினாள். "மாமா, நீங்க பேங்க் எக்ஸாமுக்குப் படம் படமா போட்டுப் பார்த்துப் படிச்சீங்களாமே? எனக்கும் அதே மாதிரிதான் வருது. ஒண்ணுமே புரியல." அழாத குறை. பல் மருத்துவத்தில் சேர டி.ஏ.டி. தேர்வு எழுதுகிறாள். உயிரியல், வேதியியல் எல்லாம் ஊதித் தள்ளுகிறவள் இந்த ஒரு பகுதியில் மாட்டிக்கொண்டாள். பி.காம். படித்த நான் வருங்கால பல் டாக்டருக்குப் பாடம் எடுக்கிற கொடுமையைப் பாருங்கள் :-)

சரி, இந்தப் படக் கணக்கு அங்கே எப்படி வந்தது என்று தேடினால், சுவாரசியமான கதை. அமெரிக்க பல் மருத்துவச் சங்கம் 1950 முதல் இந்தத் தேர்வை நாடு முழுக்க நடத்துகிறது. ஆரம்ப வருடங்களில் மாணவன் கையில் ஒரு சாக்குத் துண்டும் கத்தியும் கொடுப்பார்கள். வரைபடத்தில் உள்ள அளவுக்கும் கோணத்துக்கும் செதுக்கித் தரவேண்டும். சொத்தைப் பல்லைக் குடையப்போகிறவனுக்குக் கை ஓடுமா என்று பார்க்க இதைவிட நேரான வழி உண்டா? ஆனால் ஒவ்வொரு துண்டையும் யாராவது உட்கார்ந்து அளந்து மார்க் போடவேண்டுமே! 1972-ல் சாக்பீஸ் போய், தாளில் எழுதும் தேர்வு வந்தது. கனடாக்காரர்கள் அதற்குப் பிறகும் பல வருடம் சோப்பைச் செதுக்க வைத்தார்கள்.

இன்று 90 கேள்வி, 60 நிமிடம். ஆறு வகை, வகைக்கு 15. நம் நாட்டில் நீட் எழுதி பி.டி.எஸ். சேரும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை.

தாளை மடித்து ஓட்டை போடும் கேள்விக்கு நான் சொன்னது: மனசுக்குள் விரிக்காதே. 4-க்கு 4 கட்டம் போடு. கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கிப் பிரி. ஒவ்வொரு முறையும் மடிப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி பார்த்த மாதிரி ஓட்டையைக் குறி. ஆனால் அங்கே உண்மையிலேயே தாள் இருந்ததா என்று பார்த்துக்கொள்.

கனசதுரக் கணக்கு என் ஏரியா. ஒட்டிய கட்டிகளுக்குத் தரையில் படும் பக்கம் தவிர வெளியே தெரிகிற பக்கமெல்லாம் பெயின்ட். எத்தனை கட்டிக்கு எத்தனை பக்கம்? பேரேடு மாதிரி பட்டியல் போட்டுவிடவேண்டும். இரண்டுக்கு இரண்டாக இரண்டு அடுக்கு என்றால், மேலே உள்ள நாலுக்கு 3 பக்கம், கீழே உள்ள நாலுக்கு 2. கூட்டினால் 8, டேலி! டேலி ஆகாவிட்டால் மறைந்திருக்கும் கட்டியை விட்டிருக்கிறாய் என்று அர்த்தம். அதே பட்டியலை வைத்து அடுத்தடுத்த கேள்விக்கும் பதில் சொல்லலாம்.

"இதெல்லாம் பிறவியிலேயே வரணும் மாமா" என்றாள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 2013-ல் அட்டல் என்பவரும் அவர் குழுவினரும் 217 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, பயிற்சியால் இந்தத் திறமை கூடுகிறது, கூடினது நிற்கவும் செய்கிறது என்று எழுதினார்கள். அதைச் சொன்னதும் கொஞ்சம் சமாதானம் ஆனாள்.

நேற்று ராத்திரி மறுபடி போன். கனசதுரத்தில் 15-க்கு 13. கோணங்களை வரிசைப்படுத்துவது மட்டும் இன்னும் உதைக்கிறதாம். அதில் எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. கோணத்தின் முனையை மட்டும் பார், கோட்டின் நீளத்தைப் பார்க்காதே என்றேன். தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.