எட்டாத மேசை: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரும் மறுக்கப்பட்ட பதவிகளும்

கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடாவையும் இணைத்து 1886இல் ஓடத் தொடங்கிய ரயில், சிலாங்கூரின் ஈய வணிகத்துக்காகப் போடப்பட்டதாயினும், தமிழர் சமூக வரலாற்றில் அது வேறொரு வகையில் இடம்பெற்றுவிட்டது. 1901இல் மலாய் மாநில ரயில்கள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தபோது அதன் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற சார்லஸ் எட்வின் ஸ்பூனர் முன்பு இலங்கையில் பணியாற்றியவர். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர்களின் திறமையை அறிந்திருந்ததால், எழுத்தர், ஸ்டேஷன் மாஸ்டர், கணக்கர் ஆகிய வேலைகளுக்கு அவர்களைப் பெருமளவில் வரவழைத்தார். இவர்களுக்காகவும் தமிழகத்திலிருந்து வந்த ரயில் தொழிலாளருக்காகவும் பிரிக்பீல்ட்ஸில் எழுந்த குவார்ட்டர்ஸ் எனப்படும் அரசுக் குடியிருப்புகளே அப்பகுதிக்குத் தமிழ் முகத்தைத் தந்தன.

ஆனால் இவர்கள் ஏறக்கூடிய படிகளுக்கு ஓர் எல்லை இருந்தது. உயர் நிர்வாகப் பணிக்குச் சேர்க்கப்படுவோர் தாய்வழியிலும் தந்தைவழியிலும் கலப்பற்ற ஐரோப்பியராக இருக்க வேண்டும் என்று 1904இல் காலனி அலுவலகம் விதி வகுத்தது. மலாய்க்காரருக்கென 1910இல் தனி நிர்வாகப் பணி ஒன்று அமைக்கப்பட்டு, பின்னர் அதிலிருந்து மேற்பணிக்கு உயரவும் ஒரு சிறு வழி திறந்துவிடப்பட்டது. தமிழருக்கு அத்தகைய வழி எதுவும் இல்லை. தலைமை எழுத்தரின் மேசையோடு ஒருவருடைய உத்தியோக வாழ்க்கை நின்றுவிடும் என்பதும், அவருக்கு மேலே அமரப்போகும் இளம் வெள்ளை அதிகாரி அவரிடமே வேலையைக் கற்றுக்கொள்வார் என்பதும் அனைவரும் அறிந்த நடைமுறையாக இருந்தன. ஒரு மனிதரின் ஆற்றலை முப்பது ஆண்டுகள் பயன்படுத்திக்கொண்டே அதற்குரிய பொறுப்பை அவருக்குக் கொடாதிருப்பது அவமதிப்பு என்பதைத் தவிர வேறில்லை; விதியாக எழுதப்பட்டுவிட்டதால் அது சிறிதும் மென்மையாகிவிடவில்லை.

அலுவலகத்தில் மறுக்கப்பட்ட தலைமையை அவர்கள் அலுவலகத்துக்கு வெளியே தேடிக்கொண்டனர். சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கம் 1900இல் தோன்றியது. நிறவிதி வந்த அதே 1904இல் பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா ஆசிரமம் நிறுவப்பட்டது. ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோவில் வளர்ந்தது. 1914இல் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் உருவானது. இவற்றின் நிர்வாகக் குழுக்களில், பகலில் பிறர் கையெழுத்துக்காகக் கோப்புகளைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் மாலையில் தாமே தலைவராகவும் செயலாளராகவும் பொருளாளராகவும் அமர்ந்து, கூட்டக் குறிப்புகளை எழுதி, வரவுசெலவைத் தணிக்கைக்கு வைத்து, தேர்தல் நடத்திப் பொறுப்பைக் கைமாற்றினர். ரயில் அலுவலகம் பழக்கிய ஒழுங்கு கோவிலையும் பள்ளியையும் நடத்தப் பயன்பட்டது. மறுபுறம், தம் பிள்ளைகள் இதே ஏணியில் ஏறி நிற்க வேண்டாம் என்று கருதி, சம்பளத்தில் மிச்சம்பிடித்து அவர்களை மருத்துவமும் சட்டமும் படிக்க அனுப்பினர். மேலதிகாரியின் தயவை எதிர்பாராத தொழில்கள் அவை.

இந்தப் பெருமைமிக்க வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதைக் காணக் கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்குப் போக வேண்டும். அங்கே எழுத்தர் கிராணி எனப்பட்டார். யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் இவ்வேலையில் மிகுதி. விடியுமுன் நடக்கும் பிரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், விளக்கொளியில் செக்ரோல் புத்தகத்தைப் பிரித்து அவர் பெயர்களை அழைப்பார்; குறிக்கப்படாத பெயருக்கு அன்றைய கூலி இல்லை. எத்தனை ஆண்டு உழைத்தாலும் துரை எனப்பட்ட வெள்ளை மேலாளரின் இடம் கிராணிக்குக் கிடைக்காது. ஆனால் பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு அவரே அரைத் துரை. அவர் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். மேலிருந்து பெற்ற அவமதிப்பைக் கீழே இறக்கிவைத்த கிராணிகள் இருந்தனர் என்பதைத் தொழிலாளர் 1941இல் வைத்த கோரிக்கைகளே காட்டுகின்றன.

தொழிலாளர் நடுவிலிருந்து தலைவராக உயர்ந்தவர் என்றால் அதுவரை கங்காணியே. ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்து, அவர்கள் வேலை செய்த நாளுக்கெல்லாம் தலைக்காசு பெற்றவர் அவர். பயணச் செலவுக்கு உதவிபெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குக் குடியேறுவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியதும் கங்காணியின் பிடி தளர்ந்தது. அந்த வெற்றிடத்தில் தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை வளர்த்தார். 1941இல் வெடித்த வேலைநிறுத்தங்களில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பள்ளி, மருத்துவம் ஆகியவற்றோடு, கொடுமை செய்யும் அலுவலர்களை நீக்கித் தமிழ் கற்றவர்களை அமர்த்த வேண்டும் என்பதும், துரைமார், கிராணிமார் எதிரே சைக்கிள் ஓட்டிச்செல்ல அனுமதி வேண்டும் என்பதும் கேட்கப்பட்டன. கூலியைப் போலவே தம்மை ஆள்பவர் யார் என்பதும் தொழிலாளருக்கு உயிரான கேள்வியாகிவிட்டதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன. மே மாதம் நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கி அரசு போராட்டத்தை ஒடுக்கியதில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதவு சிறிது சிறிதாகவே திறந்தது. 1951இல் கல்விப் பொறுப்பை ஏற்று மலாயாக் கூட்டரசின் உயர் நிர்வாகத்தில் அமர்ந்த இ. இ. சி. துரைசிங்கம் எழுத்தர் பணியிலிருந்து படிப்படியாக உயர்ந்தவரல்லர். சமூகத் தலைவராக வெளியிலிருந்து வந்தவர். மலாயாவின் உயர் நிர்வாகப் பணி மலாய்க்காரரல்லாத ஆசியருக்கு 1953இல் திறக்கப்பட்டபோதும், நான்கு மலாய்க்காரருக்கு ஒருவர் என்ற விகிதமே வைக்கப்பட்டது. தோட்டங்களில் 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாகி, பி. பி. நாராயணன் தலைமையில் துரைமாரின் அமைப்போடு நேர்நின்று கூலி பேசியது. தோட்ட அலுவலர்களோ தமக்கெனத் தனிச் சங்கம் வைத்திருந்தனர். பிரட்டில் பெயர் அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் ஒரே சங்கத்தில் சேரவில்லை.