புற்றுநோயும் உயிர்வித்தும்



ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே வல்லக்கோட்டை என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஏழடி உயரமுள்ள முருகன் நின்ற கோலத்தில் காட்சி தருகிறான். கிருத்திகை நாட்களில் அவன் சந்நிதியில் கூடுவோரிடையே, மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மழலைச் சொல் கேளாத இளந் தம்பதியர் பலரைக் காணலாம். ஒரு தலைமுறைக்கு முன் ஏரியும் வயலுமாக இருந்த அந்த ஒரகடம் வட்டாரம் இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளால் நிறைந்துவிட்டது. பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து அங்கே உழைப்பவர் பெரும்பாலும் இளைஞர்.

இளைஞரைப் பற்றுகின்ற புற்றுநோய்கள் சில உண்டு. விரையில் தோன்றும் புற்று, ஹாட்ஜ்கின் நோய் எனப்படும் நிணநீர்ப் புற்று ஆகிய இரண்டும் அவற்றுள் அடங்கும். நம் நாட்டில் இவை அரியவையே. முற்காலத்தில் இவை வந்தால் பிழைப்பது அரிது. இன்றோ பெரும்பாலோர் குணமடைகின்றனர். குணமடைந்தவன் மணம் புரிகிறான். பின்னர் கோயில் வாயிலில் வந்து நிற்கிறான். அவன் தந்தையாகும் ஆற்றல் எங்கே போயிற்று? இக்கேள்விக்கு விடை கண்ட வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

முதலில் உடலின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். விரைக்குள் நுண்ணிய குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் ஓரத்தில் மூல அணுக்கள் உறைகின்றன. அவை மெல்லப் பிரிந்து தம்மையும் காத்துக்கொண்டு புதிய அணுக்களையும் ஈனும். அப்புதிய அணுக்களோ மிக விரைந்து பிரிந்து, ஏறக்குறைய எழுபது நாட்களில் விந்தணுக்களாக உருவெடுக்கும். இவற்றைச் செவிலித்தாய் போல் அணைத்து ஊட்டும் அணுக்களை 1865-இல் இத்தாலியரான செர்டோலி விவரித்தார். ஆண்மைச் சுரப்பைத் தரும் அணுக்களோ குழல்களுக்கு வெளியே இருக்கின்றன. அவற்றை 1850-இல் ஜெர்மானியரான லைடிக் விவரித்திருந்தார். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை நினைவிற் கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895-இல். எட்டே ஆண்டுகளில், அதாவது 1903-இல், ஹாம்பர்க் நகரத்து ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் என்பவர் அக்கதிர் பட்ட ஆண் முயல்கள் மலடாவதைக் கண்டார். 1906-இல் பிரான்சின் போர்டோ நகரில் பெர்கோனியே, திரிபோந்தோ என்னும் இருவர் எலியின் விரையில் கதிர் பாய்ச்சிப் பார்த்து ஒரு விதியை வகுத்தனர். எவ்வணு மிகுதியாகப் பிரிகிறதோ, எவ்வணு இன்னும் முதிர்ந்து உருப்பெறவில்லையோ, அதனையே கதிர் எளிதில் அழிக்கும் என்பது அவ்விதி. கதிர் மருத்துவம் புற்றை அழிப்பதற்கு அடிப்படையாக நெடுங்காலம் இவ்விதியே காட்டப்பட்டது. அதனைக் கற்றுத் தந்த உறுப்பு விரை என்பதைப் பலர் மறந்தனர். ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் கதிரால் விளைந்த புற்றுக்குக் கையை இழந்து 1921-இல் மறைந்தார். பெர்கோனியேயும் கையை இழந்து 1925-இல் மறைந்தார். அவர்களுடைய அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

அடுத்து வந்தது மருந்து. அது யுத்தத்திலிருந்து வந்தது. 1943 டிசம்பர் 2-ஆம் நாள் இத்தாலியின் பாரித் துறைமுகத்தில் குண்டு வீச்சுக்கு ஆளான கப்பலொன்றில் கடுகு வாயு இருந்தது. நச்சுண்டவர்களின் வெள்ளை அணுக்கள் குறைந்து போயின. அதற்கு முன்பே, 1942-இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அதன் இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் கடுகு நிணநீர்ப் புற்றுக்கு மருந்தாகத் தரப்பட்டிருந்தது. இம்மருந்து உயிரணுவின் மரபுச் சரட்டில் குவானின் என்னும் எழுத்தைப் பற்றிக்கொள்ளும். இரு சரடுகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைந்த சரட்டைப் பிரித்துப் படி எடுக்க இயலாது. பழுதைச் செப்பனிட முடியாத அணு தன்னையே மாய்த்துக்கொள்ளும். பி-53 என்னும் காவற் புரதம் அவ்வாணையைப் பிறப்பிக்கிறது.

1948-இல் சோஃபி ஸ்பிட்ஸ் என்னும் அம்மையார், இம்மருந்து பெற்று இறந்தோரின் உடல்களை ஆய்ந்து, அவர்களுள் பெரும்பாலோரிடம் விந்தணு உருவாவதே நின்றிருந்ததைக் குறித்து வைத்தார். அன்று அதைப் பற்றிக் கவலைப்பட்டவர் எத்தனை பேர் இருப்பர்? இறந்தவனுக்குப் பிள்ளைப் பேறு எதற்கு? 1970-இல் அமெரிக்க மருத்துவர் டிவிட்டா குழுவினர் நான்கு மருந்துகளைச் சேர்த்து ஹாட்ஜ்கின் நோயாளரில் பலரைப் பிழைக்கச் செய்த பிறகுதான், பிழைத்தவர்கள் மருத்துவரிடம் கேட்கத் தொடங்கினர். அவர்களிற் பெரும்பாலோரிடம் விந்தணு இல்லை. ஆனால் குரல் மாறவில்லை, தாடி மறையவில்லை. ஆண்மைச் சுரப்பு அணுக்கள் அரிதாகப் பிரிவதால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. எனவே தனக்கு நேர்ந்தது இன்னதென்று அம்மனிதன் அறிய வழியே இல்லை. 1975-இல் மிலான் நகரத்து பொனடோனா வேறு மருந்துகளைச் சேர்த்து அளித்தார். அவை வித்துக்கு மிகக் குறைந்த தீங்கையே செய்தன.

விரைப் புற்றின் கதை இன்னும் வியப்புக்குரியது. பிளாட்டினத்தால் ஆன சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து 1970-களில் அந்நோயைக் கிட்டத்தட்ட வென்றது. அடுத்தடுத்த இரண்டு குவானின்களை அது பற்றிக்கொள்கிறது. அப்புற்று வித்தணுவின் மரபில் வந்தது; அவ்விதப் பழுதைச் செப்பனிடும் திறன் அதற்குக் குறைவு; காவற் புரதமும் பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. ஆகவே விரைவில் மாய்கிறது. அதே பிறப்பினால்தான் நல்ல வித்தணுக்களும் மாய்கின்றன. மூல அணுக்கள் சில பிழைத்தால் ஓரிரு ஆண்டுகளில், சிலருக்கு அதற்கும் மேற்பட்ட காலத்தில், விந்தணு மீளும். பிழைக்காவிடில் மீளாது.

மருந்து மட்டுமே காரணம் என்று எண்ணிவிடலாகாது. மருந்து தொடுமுன்பே நோயாளர் பலரின் விந்தணு குறைந்திருப்பதைக் காண்கிறோம். காய்ச்சல், அழற்சிப் புரதங்கள், சில புற்றுகள் சுரக்கும் கருப்ப ஊக்கச் சுரப்பு ஆகியவை மூளையிலிருந்து விரைக்குச் செல்லும் ஆணையைக் குலைக்கின்றன. முதிர்ந்த விந்தணு தன் மரபுச் சரட்டை இறுக மடித்துக்கொண்டதும் செப்பனிடும் கருவிகளையும் துறந்துவிடுகிறது. ஆக்சிஜன் வழி வரும் தீங்கு அதில் நிலைத்துவிடும். 1972-இல் கோபன்ஹேகனில் ஸ்காக்கபெக் என்பவர், மலட்டுத் தன்மைக்காக ஆராயப்பட்ட இருவரின் விரையில் கண்ட விபரீத அணுக்கள் பின்னர்ப் புற்றாக வளர்ந்ததை வெளியிட்டார். அங்கே குழந்தையின்மையே நோயின் முன்னறிவிப்பாக இருந்தது.

காக்கும் வழியும் உண்டு. 1949-இல் இங்கிலாந்தில் கிளிசரின் கலந்தால் விந்தணு உறைநிலையைத் தாங்கும் என்று கண்டனர். புட்டியின் சீட்டு மாறிப்போனதால் கிட்டிய கண்டுபிடிப்பு என்பர்! 1953-இல் அமெரிக்காவின் அயோவாவில் பங்கே, ஷெர்மன் இருவரும் உறைவித்த விந்தணுவால் கரு உண்டாவதைக் காட்டினர். 1992-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தார் ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பெறச் செய்தனர். எனவே சிறிதளவு சேமித்திருந்தாலும் போதும். ஆனால் முதல் மருந்து ஏறுவதற்கு முன் சேமிக்க வேண்டும். நோயின் அவசரத்தில் மருத்துவர் சொல்ல மறப்பதும், நாணத்தால் நோயாளி கேளாதிருப்பதும் இன்றும் நிகழ்கின்றன.

வல்லக்கோட்டையிலிருந்து மேற்கே காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் திறக்கப்பட்ட புற்றுநோய் நிலையமும் உண்டு. டாக்டர் சாந்தா போன்றோரின் உழைப்பால் அங்கே இரத்தப் புற்றுள்ள சிறுவர் பலர் பிழைத்தெழுந்தனர். பருவமடையாத சிறுவனிடம் சேமிக்க விந்தணுவே இல்லை. அவனுடைய விரைத் திசுவில் சிறு துணுக்கை உறைய வைக்கும் முயற்சி இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. அவ்வாறு உறைவித்த திசுவிலிருந்து பெற்ற விந்தணுவால் ஒரு குரங்குக் குட்டி பிறந்ததை அமெரிக்க விஞ்ஞானிகள் 2019-இல் அறிவித்தனர். அதற்கு கிரேடி என்று பெயரிட்டிருக்கிறார்கள்.