பாகவதரின் பிற்கால மேடை
பரிசில் பெற்றவர் பிறரை வழிப்படுத்தும் ஆற்றுப்படை நூலாகிய மலைபடுகடாம், ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனை நாடி, இசைக்கருவிகளைச் சுமந்து மலைவழி சென்ற கூத்தரைக் காட்டுகிறது. கலைஞரே அவையைத் தேடிச் செல்லும் அம்மரபு, திரைப்புகழ் ஓய்ந்த நடிகர்-பாடகர் எம். கே. தியாகராஜ பாகவதரின் வாழ்விலும் நீடித்தது. 1944-இல் வெளியான அவருடைய 'ஹரிதாஸ்' படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-இல் விடுதலையான அவருடைய பிந்தைய படங்கள் எடுபடவில்லை. ஆயினும், ஆதார ஒலியாகிய சுருதியை உயர்த்தி வைத்துப் பாடிப் பழகிய அக்குரலுக்குக் கச்சேரி மேடை இறுதிவரை இடமளித்தது. நீரிழிவால் உடல்நலம் குன்றிய காலத்திலும் அவர் பாடினார். படங்களின் தோல்வியை மட்டும் கொண்டு அவ்வாண்டுகளை வீழ்ச்சி என்று எழுதுவது அநீதி. 1959 நவம்பர் 1-இல், 49-ஆம் வயதில், பாகவதர் சென்னையில் காலமானார்.