ஈயக்குட்டைகள்மேல் எழுந்த வீடுகள்

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் இன்று வீடமைப்புப் பகுதிகள் நிற்கும் இடங்களுட் பல, முன்னர் ஈயச் சுரங்கங்களாய் இருந்தவை. சிலாங்கூரின் சன்வே நகரமும் அத்தகைய நிலத்தில் எழுந்ததே. ஈய வரலாற்றைக் கற்பிக்கும் என் போன்ற ஆசிரியர்கள் விலை, ஏற்றுமதி, குடியேற்றம் என்பவற்றோடு நிறுத்திவிடுகிறோம். தோண்டிய மண் என்னவாயிற்று என்று கேட்பதில்லை. அக்கேள்விக்கு விடை காணாமல் அந்நிலத்தில் வீடு கட்டுதல் தகாது என்பதே என் கருத்து.

பகாங்கின் சுங்கை லெம்பிங் போன்ற இடங்கள் நீங்கலாக, நம் ஈயச் சுரங்கங்களுட் பெரும்பாலானவை திறந்தவெளியில் தோண்டப்பட்டவை. அவற்றுட் பலவற்றில் சீனத் தொழிலாளர்கள் நீரைப் பீச்சி மண்ணைக் கரைத்தனர். அக்கலவையைப் பம்பின்வழி 'பாலோங்' எனும் உயர்ந்த மரவாய்க்காலில் ஏற்றினர். கனமான ஈயத்தாது அங்கே தங்கிற்று. மணல் வாய்க்காலின் முடிவருகே குவிந்தது. நுண்சேறு நீரோடு நெடுந்தூரம் சென்று குட்டைகளிற் படிந்தது. 1985ஆம் ஆண்டு ஈயவிலை வீழ்ந்தபின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. மணலும் சேறும் எஞ்சின.

இடர் இங்கேதான் உள்ளது. ஒரே வீட்டின் ஒரு மூலை மணல்மீதும் மறு மூலை சேற்றின்மீதும் அமையக்கூடும். நிலம் சமமாய் அமிழ்ந்தால் சுவர் பெரும்பாலும் தாங்கும்; ஒருபுறம் மட்டும் அமிழ்ந்தால் பிளக்கும்.

ஆகவே பொறியாளர்கள் முதலில் துளையிட்டு ஆராய்வர். சேறு ஆழமின்றி இருப்பின் அகற்றிவிட்டு மணல் நிரப்புவர். ஆழமாயின், மேலே மண்ணைக் குவித்துப் பல மாதங்கள் பாரமேற்றி, சேற்றிலுள்ள நீரைப் பிழிந்தெடுப்பர். நீர் வெளியேறும் தொலைவு பாதியானால் காலம் கால்பங்காகும். இது தெர்சாகி 1925ஆம் ஆண்டு வெளியிட்ட கோட்பாட்டிலிருந்து கிடைக்கும் விடை. அதனாற்றான் சேற்றினுள் வடிகால் பட்டைகளை நெருக்கமாய்ச் செங்குத்தாக இறக்குகின்றனர். தளர்ந்த மணலாயின், 10 முதல் 20 டன் எடையுள்ள கட்டியை உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச்செய்து இறுக்குவர். பெரிய கட்டடமாயின், அடித்தூண்களைப் பாறைவரை இறக்குவர். கிந்தாவின் அடிப்பாறையோ சுண்ணாம்புக்கல்; அதனுள் பொந்துகள் உண்டு. அவற்றைச் சிமெண்டுக் கலவையால் அடைப்பர்.

இத்தனையும் செய்து கட்டிய வீட்டை வாங்கியவர், பின்புறச் சமையலறையை நீட்டும்போது அடித்தூணின்றிக் கட்டிவிடுகிறார். வீடு நிற்கிறது, நீட்டிய பகுதி அமிழ்கிறது, இணைப்பில் விரிசல் ஓடுகிறது. வாழ்நாள் சேமிப்பை வீட்டில் இடும் நம்மவர், வாங்குமுன்னும் நீட்டுமுன்னும், "இவ்விடம் முன்பு என்னவாக இருந்தது?" என்று கேட்டறிதல் வேண்டும். உள்ளூர் வரலாறு தேர்வுக்கு மட்டும் உரியதன்று, அன்பர்களே.