கதவைத் தட்டும் கை

தமிழ்த் திரைப்படத்தில் கொள்ளைநோய்க்கு வெகுகாலம் மனித முகமே இருந்ததில்லை. 2008இல் வந்த ‘தசாவதாரம்’, 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ ஆகிய படங்களில் நோய்க்கிருமி ஓர் ஆயுதம். அதனைக் கையாளும் அந்நியனைக் கதாநாயகன் வீழ்த்திவிட்டால் கதை முடிந்தது. நோயுற்றவனின் நெஞ்சத்துள் எட்டிப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. மலையாளத்திலோ, 2018ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் பரவிய நிபாக் காய்ச்சலை அடுத்த ஆண்டே ‘வைரஸ்’ என்ற படமாக எடுத்து, மருத்துவமனை ஊழியரின் அச்சத்தையும் கடமையுணர்வையும் காட்டிவிட்டார்கள். தமிழ்ப் படவுலகத்தார்க்கு அந்நோக்கு வாய்க்க, நோய் அவர்தம் வீட்டு வாசலுக்கே வரவேண்டியிருந்தது.

2020 மார்ச்சு 24ஆம் நாள் இரவு இந்தியா முழுவதும் அடைக்கப்படுமென அறிவிக்கப்பட்டது. அதனைக் களமாகக் கொண்டு ‘புத்தம் புதுக் காலை’ என்னும் ஐந்து குறும்படத் தொகுதி அக்டோபரில் இணையத்தில் வெளிவந்தது. சுதா கொங்கராவின் படத்தில், பிள்ளைகளிடம் பொய் சொல்லிவிட்டு முதிய காதலனின் இல்லத்துக்கு வந்த பெண் ஊரடங்கினால் அங்கேயே தங்கிவிட நேர்கிறது. ஜெயராமும் ஊர்வசியும் நடிக்கும் அம்முதுமைக் காதல் இனிமையானது. கௌதம் மேனனின் படத்தில் பாட்டனாரின் வீட்டுக்குப் பேத்தி வருகிறாள். மகள்மீது அவர் கொண்ட மனத்தாங்கலின் காரணம் மெல்ல வெளிப்படுகிறது. எம். எஸ். பாஸ்கரின் நடிப்பைக் கண்டு நெகிழாதவர் கல்நெஞ்சர்தாம். இவ்வுணர்ச்சிகளைப் போலியென்று தள்ளிவிட நான் ஒருப்படேன். ஆனால் இக்கதைகளில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். அன்புக்குரியவர் வாசலைத் தாண்டி உள்ளே வருகிறார், கதவு சாத்தப்படுகிறது, மகிழ்ச்சி பிறக்கிறது. இதற்கு முதற்கண் ஒரு வீடு வேண்டும், அதில் ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் வேண்டும்.

இலங்கையில் அவ்வாண்டு மார்ச்சு 20ஆம் நாள் மாலை ஊரடங்குச் சட்டம் பிறந்தது. கொட்டகலைக் கடைவீதி அடைத்துக் கிடந்தது. தேயிலை மலை அடைபடவில்லை. ஏற்றுமதி நின்றுவிடலாகாது என்பதால் தோட்ட வேலைக்கு விலக்கு அளித்தார்கள். ஏப்ரலில் கொழும்புத் தேயிலை ஏலம் கணினி வழியே நடக்கத் தொடங்கிற்று. விலை கூறுவோர் வீட்டிலிருந்தே கூறலாம். கொழுந்து பறிப்பவள் வீட்டிலிருந்து பறிக்க இயலுமா? அப்போது அவளது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. நெடுநாட் கோரிக்கையாகிய 1000 ரூபா 2021இலேதான் வர்த்தமானியில் ஏறிற்று. மாலையில் அவள் திரும்பும் லயக் காம்பராவோ 10 அடிக்கு 12 அடி.

தொற்றுக்கு அஞ்சி மனிதரை அடைத்து வைத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின், இங்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பிறகே கடல் கடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் கூலிகளோடு வந்து தோட்டத்தின் வருமானத்தைக் கெடுத்துவிடும் என்பதே துரைமாரின் கவலை.

அடைபட்ட தோட்டத்தையும் கொள்ளைநோயையும் ஒருசேரக் காட்டிய தமிழ்ப்படம், 2013இல் வந்த பாலாவின் ‘பரதேசி’. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டானியல் எழுதிய நாவலின் தூண்டுதலில் பிறந்தது அது. (நாவலாசிரியரே கிறித்தவ மருத்துவர், படத்தில் வரும் கிறித்தவ மருத்துவரை ஆடிப்பாடி மதம் பரப்புபவராகச் சித்திரித்தது பெரும் அநியாயம்.) தப்பியோட முயன்றவனின் குதிகால் நரம்பை அறுக்கிறார்கள். இறுதியில் அவனைத் தேடி மனைவியும் குழந்தையும் தோட்டத்துக்கு வந்து சேர்கிறார்கள்; அவன் கதறி அழுகிறான், அவர்களும் அகப்பட்டுக் கொண்டார்களே என்று. சுதா கொங்கராவின் படத்திலும் இதே நிகழ்ச்சிதான்: அன்புக்குரியவர் வந்து உள்ளே அகப்படுகிறார். அங்கே அது காதலின் வெற்றி. இங்கே ஒப்பாரி.

வட இந்தியர் சிலர் சாலைக்கு இறங்கிப் பார்த்தனர். காசியாபாத்திலிருந்து பீகாரின் சஹர்சாவுக்கு மிதிவண்டியில் சென்ற ஏழு தொழிலாளரைப் பின்தொடர்ந்து வினோத் காப்ரி எடுத்த ஆவணப்படம் 2021இல் வந்தது. அனுபவ் சின்ஹாவின் ‘பீட்’ 2023இல் கறுப்பு வெள்ளையில் வந்தது. மாநில எல்லையில் மறிக்கப்பட்ட கூட்டத்தில், பசித்திருந்தும் முஸ்லிம்கள் கொடுக்கும் உணவை மறுக்கிறான் ஒரு பிராமணக் காவலாளி. நோய்த் தீட்டும் சாதித் தீட்டும் ஒன்றாகிவிடும் அக்காட்சிக்கு நிகரானதைத் தமிழ்க் குறும்படங்களில் நான் காணவில்லை.

மலையகத்தில் இதற்கான கதை இல்லாமலா போயிற்று? 2020 அக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவியது. கொழும்புக் கடைகளிலும் பங்களாக்களிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளை மலைநாடே சந்தேகக் கண்ணோடு நோக்கிற்று. நவம்பர் 14 தீபாவளி. மேல் மாகாணத்தை விட்டு எவரும் வெளியேறலாகாதென்று அரசாங்கம் தடை விதித்தது. அதற்கு முன்னமே வந்துவிட்ட மகனை எங்கே படுக்க வைப்பது? இருப்பது ஒரே காம்பரா. அவனுக்கு நோய் கண்டால் வரிசையிலுள்ள குடும்பங்கள் அனைத்தையும் தனிமைப்படுத்துவார்கள்; அத்தனை பேருக்கும் பேர் விழாது. அயலார் ஏச்சு வேறு.

தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 1975இலேயே ‘புதிய காற்று’ படத்தின் மூலம் தோட்டத் தொழிலாளியைத் திரையேற்றிக் காட்டினார். இன்றோ செல்பேசியிலேயே படம் பிடிக்கிறார்கள். இரவில் கதவைத் தட்டும் மகன். திறப்பதற்குக் கை எழுந்தும், பக்கத்துக் காம்பராவில் இருமல் கேட்டு ஒரு கணம் தயங்கி நிற்கும் தாய். இதற்கு ஸ்டூடியோ வேண்டியதில்லை. ஒரு லயமும் இரண்டு நடிகர்களும் போதும்.