சாலையை மூட ஒரு சட்டம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் மல் தீவின் ராலி 1969-இல் தொடங்கியது. தொடக்கத்தில் நடத்தியது பிளாக்பர்ன் ஊரின் ஒரு மோட்டார் கிளப். ஓட்டுபவர்கள் பெரும்பாலும் அமெச்சூர்கள். கார், டயர், படகுக் கட்டணம் எல்லாம் கைக்காசு. இரவில், ஒரே வண்டி போகும் அகலத் தார்ச்சாலையில், பக்கத்து சீட்டிலிருந்து வாசிக்கப்படும் வளைவுக் குறிப்பை நம்பித்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கணும். ஒரு எண்ணை மாற்றி வாசித்தால் நம்ம புரோகிராம் மாதிரி கிராஷ்தான், ரீஸ்டார்ட் கிடையாது.

பிரிட்டனில் பொதுச்சாலையை மூடிப் பந்தயம் நடத்த அன்று தனிச்சட்டமே வேண்டியிருந்தது. இந்த ராலிக்காக 1990-இல் நாடாளுமன்றம் அப்படியொன்றை நிறைவேற்றியது. ஒரு கிளப் ராலிக்கு இது பெரிய மரியாதை. ஆனாலும் காப்பீட்டுச் சிக்கலில் 2017, 2018 இரண்டு வருஷமும் ராலி நின்றுபோனது. கார்கள் ஷெட்டில் தயாராகத்தான் இருந்தன. விதிகள் மாறி, 2019-இல் அதே சாலைகள் மறுபடி மூடப்பட்டன.