ஒரு கிரவுண்டில் எட்டு கார்: பெசன்ட் நகரும் கட்டாய வாகன நிறுத்த விதியும்

பெசன்ட் நகரின் உள்தெருக்களில் காலையில் நடந்தால், இரும்புக் கேட்டுகளில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட ஒரே எச்சரிக்கையைப் பல வாசல்களில் படிக்கலாம்: இங்கே வண்டி நிறுத்தாதீர்கள், மீறினால் காற்று பிடுங்கப்படும். கேட்டுக்குள் தூண்கள். தூண்களுக்கு நடுவே கார்கள், யாரும் அகற்றாத பழைய சோபா, வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி. கேட்டுக்கு வெளியே அதே கட்டடத்தின் இரண்டாவது, மூன்றாவது கார்கள் உறை போர்த்தித் தெருவோரம் நிற்கின்றன. ஒவ்வொரு புதுக் கட்டடமும் தன் மனைக்குள்ளேயே வாகனங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதி பல ஆண்டுகளாக நடப்பில் இருக்கிறது. அப்படியிருந்தும் தெரு ஏன் நிரம்பி வழிகிறது? விதியை யாரும் மதிப்பதில்லை என்பது வழக்கமான பதில். விதி முழுமையாக மதிக்கப்படும் இடத்திலும் அது தன் நோக்கத்தை எட்டாது, எட்டாமலே வீட்டின் விலையையும் தெருவின் முகத்தையும் கெடுத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்று நடப்பில் இருப்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. அதற்கு முன், 2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் வளர்ச்சி விதிகள் இதே வேலையைச் செய்தன. கணக்கின் அடிப்படை எளியது. கட்டடத்தின் பயன்பாடு என்ன, பரப்பு எவ்வளவு என்று பார்த்து அதற்கேற்ப இத்தனை கார், இத்தனை இருசக்கர வாகனம் என்று விதி கேட்கும். வீடு பெரிதாகப் பெரிதாகக் கார் இடமும் கூடும். பக்கத்தில் பேருந்து நிலையம் இருக்கிறதா, குடிவரப்போகிறவருக்குக் கார் இருக்கிறதா, தெரு எவ்வளவு அகலம் என்பவை இந்தக் கணக்கில் சேராது. அடுக்ககத்துக்கு இப்படியொரு விதியை அமெரிக்காவின் கொலம்பஸ் நகரம் 1923இலேயே இயற்றியது. நூறாண்டு கழித்து, மனையும் தெருவும் முற்றிலும் வேறான ஓர் ஊரில், அந்தக் கணக்கின் வடிவம் ஏறத்தாழ அப்படியே தொடர்கிறது.

ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். 40க்கு 60 அடி, 2,400 சதுர அடி, மீட்டரில் 223 சதுர மீட்டர். வீட்டுவசதி வாரியம் மனை பிரித்துக் கொடுத்த இந்தப் பகுதியில் இன்று ஜாயின்ட் வென்ச்சருக்குப் போகும் தனிவீடுகளுக்கு இது பழக்கமான அளவு. தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்றால் 446 சதுர மீட்டர் கட்டலாம். தலா 110 சதுர மீட்டரில் நான்கு வீடுகள் வரும். ஒரு கார் நிற்க 2.5க்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் போதும்போல் தோன்றும். ஆனால் கார் உள்ளே வரவும் திரும்பவும் வழி வேண்டும், தூண்களுக்கு இடம் வேண்டும். டெல்லியின் 2021 முழுமைத் திட்டம் இவற்றையெல்லாம் சேர்த்து, தரைத்தளக் கூரைக்கடியில் ஒரு காருக்கு 28 சதுர மீட்டர் என்று கணக்கிடுகிறது. அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால், வீட்டுக்கு ஒரு கார் என்றால் 112 சதுர மீட்டர், பாதி மனை. வீட்டுக்கு இரண்டு என்றால் 224 சதுர மீட்டர், மொத்த மனையையும் தாண்டிவிடும். பக்கங்களில் விடவேண்டிய காலியிடம், படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி எதையும் இதில் சேர்க்கவில்லை. ஒப்பீட்டுக்கு இன்னொரு எண்: 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான ஒரு வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டர் வரை என்று இருந்தது. ஒரு காருக்குக் கேட்கும் இடத்தில் ஏறத்தாழ ஒரு குடும்பமே வாழலாம் என்று அரசின் இரண்டு ஆவணங்கள் சேர்ந்து சொல்கின்றன.

இந்த நெருக்கடியிலிருந்து பில்டர்கள் கண்டுபிடித்த வழி, ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கார் நிறுத்துவது. வரைபடத்தில் இரண்டு இடம் இருக்கும். நடைமுறையில், உள்ளே நிற்கும் காரை எடுக்க வெளியே நிற்கும் காரை நகர்த்த வேண்டும். காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும் குழந்தையோடு சாவியைத் தேடி மாடி ஏறி இறங்கியவர், அடுத்த வாரமே தன் காரைத் தெருவில் விட ஆரம்பித்துவிடுவார். இதை ஒழுங்கீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருவோரம் இலவசமாகக் காத்திருக்கும்போது, நெருக்கடியான உள்ளிடத்தை விட்டு அங்கே போவது யாரும் எடுக்கக்கூடிய முடிவுதான்.

இதைவிட முக்கியமானது கேட்டின் கணக்கு. 12 மீட்டர் முகப்புள்ள மனையில் கார் நுழையும் கேட்டு மூன்று, மூன்றரை மீட்டரை எடுத்துக்கொள்ளும். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என இரண்டு வைத்தால் முகப்பில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். அந்த நீளத்தில் இனி யாரும் வண்டி நிறுத்தக்கூடாது. முன்பு தெருவுக்கே பொதுவாக இருந்த ஓரம், ஒரு வீட்டின் வழியாகிவிடுகிறது. மனைக்குள் சில இடங்களைச் சேர்க்கும் விதி, வெளியே ஒன்றிரண்டு பொது இடங்களைச் சத்தமில்லாமல் கழித்துவிடுகிறது. கழிந்ததை எந்த வரைபடமும் காட்டுவதில்லை. போதாக்குறைக்கு, தரையை உயர்த்திக் கட்டிய தூண்தளத்துக்குக் கார் ஏற, நடைபாதையின் மேலேயே கிரானைட் சாய்தளம் போடப்படுகிறது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையை ஏற்று, நடப்பவருக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்தது. அந்தக் கொள்கை நடைபாதையில் செய்வதைக் கட்டட விதி கேட்டுக்குக் கேட்டு உடைத்துக்கொண்டே வருகிறது. மூட்டுவலியோடு கோயிலுக்கு நடக்கும் மூதாட்டி ஒவ்வொரு வாசலிலும் இறங்கி ஏற முடியாமல் கடைசியில் தார்ச்சாலையில் இறங்கி நடக்கிறார்.

இனி விலை. 2010 ஆகஸ்டில் நஹல்சந்த் லாலூசந்த் நிறுவனம் தொடர்பான மகாராஷ்டிர வழக்கில், தூண்தள வாகன நிறுத்தத்தைத் தனிச் சொத்தாக விற்க முடியாது, அது குடியிருப்போரின் பொதுப் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்த வாகன நிறுத்தத்தைப் பொதுப் பகுதியாகவே வரையறுக்கிறது. வாங்குபவரைக் காக்கும் நல்ல தீர்ப்பு அது, ஐயமில்லை. ஆனால் கட்டாய விதியோடு அது சேரும்போது ஒரு விளைவு உண்டாகிறது. பில்டர் அந்த இடத்தைக் கட்டியே ஆகவேண்டும், தனியே விற்கவும் கூடாது. எனவே அதன் செலவு சதுர அடி விலைக்குள் கரைந்து எல்லோர் தலையிலும் விழுகிறது. ஓய்வூதியத்தில் வாழ்ந்து, காரே இல்லாமல் 23சி பேருந்திலும் ஆட்டோவிலும் போய்வரும் தம்பதியர், அடுத்த வீட்டுக்காரரின் காருக்கான கூரைக்கும் பணம் கட்டுகிறார்கள். கார் இடம் வேண்டாம், விலையைக் குறைத்துக்கொடுங்கள் என்று கேட்கச் சந்தையில் அவர்களுக்கு வழியில்லை. அப்படியொரு வீட்டைக் கட்ட விதி அனுமதிப்பதில்லை.

இவர்கள் விதிவிலக்கான சிறுபான்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2008ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்ட சென்னையின் விரிவான போக்குவரத்து ஆய்வில், மாநகரப் பயணங்களில் காரின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம். நடை 28, பேருந்து 26, இருசக்கர வாகனம் 25. கார்கள் அதன்பின் பெருகியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஊரூர் குப்பத்திலிருந்தும் ஓடைக்குப்பத்திலிருந்தும் வீட்டுவேலைக்கு வருபவர்களும், பெசன்ட் நகர் பேருந்து நிலையத்தில் 29சிக்குக் காத்து நிற்பவர்களும் இந்த விதியின் கண்ணுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

எலியட்ஸ் கடற்கரைக்கு ஞாயிறு மாலை வரும் கூட்டத்துக்கும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாவுக்கு வருபவர்களுக்கும் இந்த விதியால் பயனில்லை. அவர்களுக்காக அடுக்ககங்கள் கேட்டைத் திறக்கப்போவதில்லை. தெருக்களை உண்மையில் திணறவைப்பது அந்த நாட்கள்தான். 2014இல் கடற்கரைச் சாலையில் கார் இல்லா ஞாயிறு தொடங்கியபோது, குழந்தைகள் சாலை நடுவில் சைக்கிள் ஓட்டினார்கள். அது நடந்தது தெருவை நிர்வகித்ததால்.

விதியை எடுத்துவிட்டால் பில்டர்கள் ஒரு கார் இடம்கூடக் கட்டாமல் மொத்தச் சுமையையும் தெருவில் தள்ளிவிடுவார்கள் என்ற அச்சம் நேர்மையானது. அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். லண்டன் 2004இல் குறைந்தபட்ச விதியைக் கைவிட்டு உச்சவரம்பை வைத்தது. அதன்பின் கட்டப்பட்ட வீடுகளில் வாகன இடம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக ஜான் குவோ, ஷுவாய் ரென் இருவரின் 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. குறைந்ததே தவிர மறைந்துவிடவில்லை. வாங்குபவர் கேட்கும் அளவுக்குக் கட்டினார்கள். ஜப்பான் பொறுப்பைக் கார் வாங்குபவரிடம் வைத்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள், இன்று 2 கிலோமீட்டர், நிறுத்துமிடம் இருப்பதைக் காட்டினால்தான் காரைப் பதிய முடியும். இரவில் தெருவில் விடவும் முடியாது. தோக்கியோவின் ஒடுங்கிய சந்துகள் காலியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பாண்டி பஜாரில் மாநகராட்சி 222 கார்களும் 513 இருசக்கர வாகனங்களும் நிறுத்தும் அடுக்குமாடிக் கட்டடத்தை எழுப்பியது. நடைபாதை வளாகம் 2019இல் திறக்கப்பட்டதும் அந்தச் சாலை நடப்பவர்களுடையதாயிற்று. ஆனால் அடுத்த தெருவில் காசில்லாமல் வண்டியை விட முடிகிறவரை கட்டணம் கேட்கும் கட்டடத்தைத் தேடி யார் போவார்கள்? நிறுத்தக் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லிவிட்டது. பெசன்ட் நகரில் ஒரு கிரவுண்டின் விலை தெரிந்தவர்களுக்கு, தெருவோரத்தில் இரவு பகலாக இலவசமாக நிற்கும் ஒரு கார் எவ்வளவு பொதுச்சொத்தை அனுபவிக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

தூண்தளத்துக்குச் சாதகமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரையோடு இருந்த வீடுகள் மூழ்கின, தூணில் நின்றவை தப்பின. எனவே தூண்தளம் தொடரட்டும். அதை முழுக்க முழுக்கக் காருக்கு எழுதிவைத்த எண்ணிக்கைதான் போக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான இடமும், பார்வையாளருக்குச் சிறிது இடமும் கட்டாயமாகவே இருக்கட்டும். மிச்சத்தில் குழந்தைகள் விளையாடலாம், பெரியவர்கள் உட்காரலாம், தெருவைப் பார்த்த மாதிரி ஒரு சிறு கடைகூட வரலாம்.

மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான பணிகள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் செல்லும் மெட்ரோ, அடையாறு டெப்போ வழியாக இப்பகுதியின் ஓரத்துக்கே வருகிறது. இரண்டு கிரவுண்டு வரையுள்ள குடியிருப்பு மனைகளுக்குக் குறைந்தபட்சக் கார் எண்ணிக்கையை நீக்குவதும், அதே நாளில் தெருவோர இடத்துக்குக் குடியிருப்போர் அனுமதிச் சீட்டும் பார்வையாளர் கட்டணமும் கொண்டுவருவதும் ஒன்றாக நடக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் இரண்டும் தோற்கும். அந்தக் கட்டணம் அதே தெருவின் நடைபாதைக்கே திரும்ப வேண்டும். வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது, பெசன்ட் நகரின் குடியிருப்போர் சங்கங்கள் இதை எழுத்தில் கேட்க வேண்டும். குப்பத்து மக்களின் கையெழுத்தும் அந்த மனுவில் இருக்க வேண்டும்.